உஷார்! ‘அஞ்சு கிலோமீட்டர்தானே’ என்று மழையில் இறங்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் கொட்டாரம், அகஸ்தீஸ்வரம், மயிலாடி, அஞ்சுகிராமம் பக்கத்தில் மழைக்காலச் சாலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? பனியனில் செஸ்ட் நம்பரைக் குத்துவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பிள்ளையை ஓட அனுப்பும் பெற்றோரும், மைக் பிடித்துக் கொடியசைக்கப் போகிறவர்களும் சேர்ந்தே படியுங்கள்.

“அஞ்சு கிலோமீட்டர்தானே மக்கா, ஊத்தின சாயா ஆறுறதுக்குள்ள வந்துரலாம்.” ஆபத்து இந்தப் பேச்சில்தான் ஆரம்பிக்கிறது. 42 கிலோமீட்டர் மாரத்தானுக்குப் போகிறவர் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார், டாக்டரைப் பார்க்கிறார், வானிலை கேட்கிறார். நடத்துகிறவர்களும் சாலையை அடைத்து, ஆம்புலன்ஸ் நிறுத்தி, வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு வருகிறவரோ முந்தின ராத்திரி கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அண்ணனின் தேய்ந்த ஷூவை மாட்டிக்கொண்டு நேரே கோட்டில் வந்து நிற்கிறார். விசில் ஊதியதும் முழு வேகம். தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். சாலையும் அடைபட்டிருக்காது. இதன்மேல் மழையும் பெய்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

மழையில் ஓடவே கூடாது என்பது நம் பேச்சல்ல. 24, 25 டிகிரியில் பெய்யும் நம் ஊர் மழையில் அரை மணி நேரம் நனைவதால் மட்டும் யாருக்கும் காய்ச்சல் வந்துவிடாது. பயப்பட வேண்டியது மேலிருந்து விழும் தண்ணீருக்கு அல்ல. கீழே தேங்கிக் கிடக்கும் தண்ணீருக்கு. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, உங்களை ஓடவிட்டவருக்கும் தெரியாது.

ஓட்டமும் மழையும் ஒரே மாதத்தில்

அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் அறிஞர் அண்ணா மாரத்தான் ஓட்டப் போட்டி நடத்துகிறது. பெயர்தான் மாரத்தான். தூரம் 17 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5 கிலோமீட்டர். முதல் பரிசு 5,000 ரூபாய். பத்தாவதாக வருகிறவருக்கும் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரிப் பையனுக்கு அது சின்னத் தொகை இல்லை. பத்தாம் இடத்துக்காகக் கடைசி நூறு மீட்டரில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். இது போக ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் ஊர் மன்றங்கள் நடத்தும் ஓட்டங்கள் தனி.

இப்போது மழைக்கணக்கைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டில் இரண்டு மழையையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் விளைந்ததும் அதனால்தான். ஓட்டப் போட்டிகளில் பாதிக்கு மேல் இந்த மாதங்களுக்குள்ளேயே விழுகின்றன.

“நம்ம பக்கம் அவ்வளவு மழை கிடையாதே” என்பீர்கள். உண்மைதான். விளவங்கோடு, கல்குளம் பக்கம் கொட்டுகிற அளவுக்கு அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் பெய்வதில்லை. ஆனால் அதுவே ஒரு பொறி. நாள்கணக்கில் காய்ந்து கிடக்கும் சாலையில் வண்டிகள் சிந்தின டீசலும் ஆயிலும், டயர்ப் பொடியும், புழுதியும் படிந்து கிடக்கும். முதல் தூத்தல் விழுந்ததும் அவை எல்லாம் குழைந்து மேலே வரும். ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து கழுவிவிட்ட சாலையைவிட, பத்து நிமிடம் தூறி நின்ற சாலை அதிகமாக வழுக்கும். “லேசாத்தான் தூறுது, ஓடலாம்” என்று சொல்லும் அந்த நேரத்தில்தான் தார் மோசமாக இருக்கும்.

இன்னொன்று. மழையளவுப் பட்டியலில் கொட்டாரத்தின் பெயர் தினமும் பத்திரிகையில் வருகிறது, மயிலாடிக்கும் நாகர்கோவிலுக்கும் பக்கத்தில். அந்த எண் முந்தைய 24 மணி நேரத்தில் பெய்து முடிந்த மழையின் அளவு. அதில் சைபர் போட்டிருக்கிறது என்பதால் இன்று விடிகாலை ஆறு மணிக்குச் சாலை காய்ந்திருக்கும் என்று அர்த்தமில்லை.

உஷார் 1: தண்ணீருக்குள் மின்சாரம்

2017 நவம்பர் 1. சென்னை கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். 2025 ஆகஸ்ட் 23 விடிகாலை, கண்ணகி நகரில் வேலைக்கு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர், மழைநீருக்குள் கிடந்த மின்கேபிளை அறியாமல் மிதித்து உயிரிழந்தார். நேரத்தைக் கவனியுங்கள். உங்கள் ஓட்டம் தொடங்குவதும் ஏறக்குறைய அதே விடிகாலையில்தான். நடந்து போகிறவருக்கே தெரியாத கம்பி, வேகமாக ஓடி வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

ஓடுகிறவருக்குக் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. மின்கம்பி தரையில் விழுந்தால், அது விழுந்த புள்ளியைச் சுற்றி மண்ணிலும் ஈரத்திலும் மின்சாரம் பரவி நிற்கும். பக்கத்தில் அழுத்தம் கூடுதல், தள்ளிப் போகப் போகக் குறையும். உங்கள் ஒரு கால் கூடுதலான இடத்திலும் மறு கால் குறைவான இடத்திலும் இருந்தால், அந்த வித்தியாசத்தால் மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும். எட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு வித்தியாசம். ஓட்டக்காரரின் எட்டு அகலமானது. ஆகவே அறுந்த கம்பியைக் கண்டதும் பயந்து பாய்ந்து ஓடுவதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, தரையிலிருந்து தூக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து நகர்த்தி, குறைந்தது 10 மீட்டர் விலகுங்கள். பின்னால் வருகிறவர்களைக் கத்தி நிறுத்துங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கீழே விழுந்து கிடப்பவரைத் தொட்டுத் தூக்கப் போகாதீர்கள். மின்சாரத்தை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கம்பால் விலக்க வேண்டும். மழையில் நனைந்த கம்பு உதவாது, அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். 2025 ஏப்ரலில் சென்னை அரும்பாக்கத்தில் மழைநீரில் மின்சாரம் பாய்ந்து விழுந்த பள்ளிச் சிறுவனை, அந்த வழியாக வந்த இளைஞர் ஒருவர் இழுத்துப் போட்டு, நெஞ்சை அழுத்தி உயிர் பிழைக்க வைத்தார். துணிச்சல்தான். ஆனாலும் அதில் இரண்டு உயிர்கள் போயிருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

ஓட்டத்துக்காக நாமே கொண்டுவந்து வைக்கும் மின்சாரம் வேறு இருக்கிறது. மைக் செட், கூம்பு ஸ்பீக்கர், ஜெனரேட்டர், இரும்புக் குழாயில் கட்டிய வளைவு, அதில் சுற்றிய சீரியல் லைட், ஈரத் தரையில் கிடக்கும் ஒட்டுப்போட்ட ஒயர். தொடக்கக் கோட்டில் நிற்கும் இருநூறு பேரில் பாதிப் பேர் கை வைத்துச் சாய்வது அந்த இரும்புக் குழாயில்தான். 2025 மார்ச் 1-ஆம் தேதி நம் மாவட்டத்து இனயம் புத்தன்துறையில், தேவாலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மேலே சென்ற மின்கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். விழா வேலையின் அவசரத்தில் மேலே போகும் கம்பியை யாரும் பார்ப்பதில்லை என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் வேண்டாம். மழை நாளில் வளைவே தேவையில்லை. சாலையில் ஒரு வெள்ளைக் கோடு போதும்.

உஷார் 2: குழி, கோடு, பாசி

கொட்டாரம் பக்கத்துச் சாலையில் காலை வாரிவிடும் இடங்களைச் சொல்கிறோம், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சாலையில் அடித்திருக்கும் வெள்ளை, மஞ்சள் பெயின்ட் கோடுகள். பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், சந்திப்பு என்று எங்கே நடைபாதைக் கோடு இருக்கிறதோ அங்கே ஈரத்தில் பிடிப்பு குறையும். வேகத்தடைக்கு அடிக்கும் பட்டைகளும் அப்படித்தான். நடுக்கோட்டில் பதித்த ஒளிரும் பட்டன்கள் வழுக்கவும் செய்யும், தடுக்கவும் செய்யும். ஓடையை மூடியிருக்கும் சிமென்ட் பலகைகளில் ஒன்று இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் நிறைந்து ஓடினால் அந்த இடைவெளி தெரியாது. பேவர் பிளாக் நடைபாதையில் பாசி பிடித்திருக்கும். டிராக்டர் வயலிலிருந்து ஏறின இடத்தில் சேறு. தென்னந்தோப்பு ஓரத்தில் விழுந்து கிடக்கும் மட்டையும் குரும்பையும்.

நம் ஊரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சாலையில் பெரிய குழி விழுந்தால் யாராவது ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் நட்டுவிட்டுப் போவார்கள். கிளை நிற்கிறது என்றால் அங்கே ஏற்கெனவே யாரோ விழுந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஓட்டத்தன்று வழியைச் சுத்தம் செய்கிறேன் என்று தொண்டர்கள் முதலில் பிடுங்கி எறிவதும் அந்தக் கிளையைத்தான்.

ஓடும் முறையையும் மாற்ற வேண்டும். எட்டைக் குறைத்து, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி ஓடுங்கள். முன்னால் நீட்டி வைக்கும் குதிகால்தான் முதலில் சறுக்கும். வளைவில் வேகத்தைக் குறைத்து, நேர்ப்பாதையில் பிடித்துக்கொள்ளுங்கள். பார்வை பத்துப் பதினைந்து அடி முன்னால் இருக்கட்டும். ஷூ நாடா நனைந்தால் தளரும். இரட்டை முடிச்சு போட்டு நுனியை உள்ளே சொருகுங்கள். அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்த ஷூவில் ஓடுவதைவிட ஓடாமலிருப்பது நல்லது. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்குத் தாரில் பிடிப்பு இருக்கலாம். ஆனால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கண்ணாடித் துண்டுக்கு அந்தப் பிடிப்பு பதில் சொல்லாது.

உஷார் 3: சூரியோதய வேன்கள்

இது நம் சாலைக்கே உரிய ஆபத்து. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம், பொற்றையடி, கொட்டாரம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் சாலையில், விடிவதற்கு முன்னால் வருகிற சுற்றுலா வேன்களுக்கு ஒரே குறி, சூரியன் கடலிலிருந்து எழும்புவதற்குள் முனைக்குப் போய்ச் சேர வேண்டும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை போய் வரும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். டிரைவர் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியிருப்பார். கண்ணாடியில் வைப்பர் ஆடிக்கொண்டிருக்கும். கொட்டாரத்தில் ஓட்டப் போட்டி நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஈரச் சாலையில் பிரேக் பிடித்து வண்டி நிற்க எடுக்கும் தூரம், காய்ந்த சாலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் குழியின் விளையாட்டு வேறு. தண்ணீர் நிறைந்த குழியைத் தவிர்க்க நீங்கள் நடுச்சாலைப் பக்கம் ஒதுங்குவீர்கள். அதே குழியைத் தவிர்க்க வேனும் ஸ்டியரிங்கை ஒடிக்கும். இருவரும் ஒரே குழிக்குப் பயந்து ஒரே இடத்தில் சந்திப்பீர்கள்.

சாலை அடைக்கப்படவில்லையா? ஓடாதீர்கள். பயிற்சிக்காகத் தனியாக ஓடும் நாளில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். கறுப்பு, கரும்பச்சை, நீல பனியன்கள் மழை மங்கலில் தெரியாது. மஞ்சளோ ஆரஞ்சோ போடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். மழைச் சத்தத்திலேயே ஹாரன் பாதி அடங்கிப் போகும். வயல் நிறைந்து குளம் மறுகால் பாயும் நாளில் பாம்பும் மேட்டைத் தேடிச் சாலைக்கு ஏறும் என்பதால், இருட்டில் புல்லோரத்தில் நின்று உடம்பைச் சூடேற்றாதீர்கள்.

உஷார் 4: இடி கேட்டால் பந்தயம் முடிந்தது

மின்னல் தாக்கி இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள். வடகிழக்குப் பருவத்து இடிமழை பெரும்பாலும் மாலையில்தான் வரும் என்றாலும், காலையில் வரவே வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

கணக்கு எளிது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. உள்ளே என்றால் கான்கிரீட் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார், பஸ். மரத்தடி அல்ல. தனித்து நிற்கும் தென்னைக்குக் கீழே நிற்பது எல்லாவற்றிலும் மோசம். ரப்பர் ஷூ போட்டிருக்கிறேன், மின்னல் ஒன்றும் செய்யாது என்பது வெறும் நம்பிக்கை. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்து வருவதை ஓர் அங்குல ரப்பர் தடுக்காது.

‘தாமினி’ செயலி சுற்றுவட்டாரத்து மின்னலைக் காட்டும். தமிழக அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலியில் மழை எச்சரிக்கை வரும். வானிலைத் துறையின் நிறங்களை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: மஞ்சள் என்றால் கண் திறந்திருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தள்ளிவைக்க ஏற்பாடு செய்ய வேண்டும், சிவப்பு என்றால் போட்டி இல்லை. மாவட்ட அவசர எண் 1077.

உஷார் 5: ஓடின வலியா, எலிக்காய்ச்சலா?

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. தேங்கின தண்ணீரில் எலி, மாடு, நாயின் சிறுநீர் கலந்திருக்கும். அதிலுள்ள லெப்டோஸ்பைரா கிருமி, காலில் இருக்கும் சிராய்ப்பு, வெடிப்பு, சேற்றுப்புண் வழியாக உள்ளே போகும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்வது இதைத்தான். 2018 வெள்ளத்துக்குப் பிறகு பக்கத்துக் கேரளத்தில் இது பரவியபோது, சுகாதாரத் துறை தடுப்புக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பெருமளவில் கொடுக்க வேண்டி வந்தது.

பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, தசை வலி. அதிலும் குறிப்பாகக் கெண்டைக்காலில் வலி. ஓட்டக்காரருக்குக் கெண்டைக்கால் வலிப்பது சகஜம். அதனால் மூட்டுவலித் தைலத்தைத் தேய்த்து, மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்துக்கொள்வார். எலிக்காய்ச்சல் முற்றினால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். அந்த வலி மாத்திரைகளில் பலவும் சிறுநீரகத்துக்குச் சுமை. இரண்டும் சேர்ந்தால் நிலைமை கைமீறிப் போகலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் மெடிக்கலில் நிற்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய், “மழைத்தண்ணியில ஓடினேன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு தகவல் பெரிய உதவி. டாக்ஸிசைக்ளினை நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம்.

ஓடி முடித்ததும் கால்களை சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். காயம் இருந்தால் ஓடும் தண்ணீரில் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். ஈர பனியனோடு பஸ்ஸில் ஏறாமல் மாற்றுத் துணி கொண்டுபோங்கள். நடத்துகிறவர்கள் இலவசமாகக் கொடுக்கும் பருத்தி பனியன் நனைந்தால் கனத்து உடம்பை உரசும். அக்குளிலும் தொடையிலும் மார்பிலும் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது கைகண்ட வழி.

உஷார் 6: நெஞ்சும் தாகமும்

2024 ஜூலை 28-ஆம் தேதி மதுரையில் ரத்ததான விழிப்புணர்வு மாரத்தானில் ஓடிய 20 வயதுக் கல்லூரி மாணவர், ஓட்டத்தை முடித்த பிறகு உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் இறந்தார். இளம் வயது என்பது உத்தரவாதம் அல்ல.

மழைக்காலம் காய்ச்சல் காலமும்கூட. வைரஸ் காய்ச்சல் உடம்பில் இருக்கும்போதோ, விட்டு ஒரு வாரம்கூட ஆகாதபோதோ முழு வேகத்தில் ஓடக்கூடாது. சிலருக்கு வைரஸ் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்தில் இதயத்தை விரட்டினால் துடிப்பு தாறுமாறாகும். “நேத்துத்தான் காச்சல் விட்டுச்சு, பேர் குடுத்தாச்சே” என்று வருகிறவரை வீட்டில் பிடித்து வையுங்கள். வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, ஓடும்போது மயக்கமோ நெஞ்சு இறுக்கமோ வந்திருந்தாலோ, முதலில் இசிஜி, பிறகுதான் ஓட்டம்.

மழையில் தாகமும் ஏமாற்றும். உடம்பு முழுக்க நனைந்திருப்பதால் வேர்ப்பது தெரியாது, ஆனால் வேர்க்கும். நம் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் வேர்வை உலர்ந்து உடம்பைக் குளிரவைப்பதும் குறைவு. தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர், முடித்ததும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரோ மோரோ குடியுங்கள். ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடித்து வைக்கவும் வேண்டாம்.

யாராவது விழுந்து, மூச்சு பேச்சு இல்லை என்றால் சோடா தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் அழுத்தட்டும்.

நடத்துகிறவர்களே, உங்களுக்குத்தான்

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் ஓடினார்கள். திடீரென்று உறைபனி மழையும் பெருங்காற்றும் அடித்ததில் 21 பேர் இறந்தார்கள். ஆட்டிடையர் ஒருவர் ஆறு பேரைத் தன் குகைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார். அந்தக் குளிர் கொட்டாரத்துக்கு வராது. ஆனால் அவர்களைக் கொன்றது குளிர் மட்டுமில்லை. வானிலை மாறும் என்று தெரிந்தும் ஓட்டத்தை நிறுத்தாததுதான். அந்தத் தவறுக்கு மலையும் வேண்டாம், பனியும் வேண்டாம். எந்தச் சந்திப்பிலும் நடக்கும்.

நம் வீட்டு வாசலில் நடந்ததும் இருக்கிறது. 2017 நவம்பர் 30 காலையில்தான் குமரிக் கடலில் ஒக்கி புயலாக வலுத்தது. அதற்குள் ஏராளமான மீனவர்கள் கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. கரையில் மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. முந்தின நாள் மாலை பார்த்த வானிலை மறுநாள் விடிகாலைக்குச் செல்லாது என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை:

• நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவர் நன்கொடை கொடுத்தவராகவோ மேடையில் அமர்பவராகவோ இருக்கக்கூடாது.

• அன்று காலை ஐந்து மணிக்கு ஒருவர் பைக்கில் முழு வழியையும் சுற்றி வரட்டும். அறுந்த கம்பி, சாய்ந்த மரம், முழங்கால் தண்ணீர், திறந்த ஓடை என்று ஏதேனும் கண்ணில் பட்டால் வழியை மாற்றுங்கள், அல்லது நிறுத்துங்கள்.

• மாற்றுவழியை முன்கூட்டியே வைத்திருங்கள். பள்ளி மைதானத்தைப் பல சுற்று சுற்றுவது கௌரவக் குறைவு அல்ல.

• காவல் நிலையத்துக்கும் பேரூராட்சிக்கும் மின்வாரிய அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பிரதான சாலையைக் கடக்கும் இடமெல்லாம் ஆள் நிற்க வேண்டும்.

• செஸ்ட் நம்பரின் பின்பக்கம் பெயர், வீட்டு எண், ரத்தப் பிரிவை அழியாத மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை முதல் மழையிலேயே கரைந்துவிடும்.

• சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை மழையில் நிறுத்தி வைக்காதீர்கள். சூடேற்றிய தசை குளிர்ந்து இறுகிய பிறகு முழு வேகத்தில் பாய்ந்தால் பிடித்துக்கொள்ளும். அவர் பரிசு கொடுக்க வந்தால் போதும். விசில் ஊதப் பி.டி. சார் இருக்கிறார்.

• தள்ளிவைத்தால் கட்டிய பணம் செல்லும் என்று நோட்டீசிலேயே அச்சிடுங்கள். கொடுத்த காசு போய்விடுமே என்றுதான் பாதிப் பேர் புயலிலும் வந்து நிற்கிறார்கள்.

பெயர் கொடுத்திருப்பவர்களுக்குக் கடைசியாக

தொடக்கக் கோட்டில் நிற்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இன்றைக்குக் காலையில் வழியைப் பார்த்து வந்தது யார்? இடி கேட்டால் எங்களை நிறுத்தப் போவது யார், எப்படி? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது? மூன்றுக்கும் பெயரும் இடமுமாகப் பதில் வந்தால் ஓடுங்கள், நன்றாக ஓடுங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்று பதில் வந்தால் செஸ்ட் நம்பரைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்துப் பேர் அப்படித் திரும்பினால், அடுத்த வருஷம் அந்த மூன்று கேள்விக்கும் பதில் நோட்டீசிலேயே அச்சாகி வரும்.